நடைப்பிணமும் தோட்டப் பேயும்: ஜோம்பிப் புனைவின் நீடித்த ஈர்ப்பு குறித்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஜோகூர் மாநிலத்தின் கூலாய் மாவட்டத்தைச் சேர்ந்த செனாய், இன்று வானூர்தி நிலையத்தாலும் மின்னணுத் தொழிற்சாலைகளாலும் அறியப்படும் ஊராகும். 1974இல் அவ்வானூர்தி நிலையம் திறக்கப்படுவதற்கு முன்பு, இரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த பகுதியாகவே இவ்வூர் அறியப்பட்டிருந்தது. இப்பகுதியில் பணியாற்றும் தமிழாசிரியர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன்னர் இக்கட்டுரையாளரிடம் தம் மாணவர்களின் சிறுகதைகள் அடங்கிய கட்டு ஒன்றைத் தந்தார். பாதிக்கும் மேற்பட்ட கதைகளில் பிணங்கள் எழுந்து நடந்தன, மனிதரைக் கடித்தன, கடிபட்டவரும் பிணமாகி நடந்தனர். "இவற்றைத் திருத்துவதா, கிழிப்பதா?" என்பது ஆசிரியரின் வினா. தமிழ் மரபுக்குத் தொடர்பற்ற மேனாட்டுக் குப்பை இது என்பது அவர் முடிவு. தொடர்பற்றது என்ற அம்முடிவு சரிதானா என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஜோம்பி என்னும் சொல்லைத் தமிழ் எழுத்து மரபுக்கு ஏற்பச் 'சோம்பி' என எழுதலாம். ஆயின், ஓய்வென்பதையே அறியாத ஓர் உருவத்துக்குச் சோம்பலின் பெயர் வந்து சேரும். அதுபற்றியே இங்குக் கிரந்த எழுத்து ஆளப்படுகிறது.

கரும்புக் காட்டில் பிறந்த பிணம்

இன்று திரைப்படங்களிலும் நாவல்களிலும் காணப்படும் ஜோம்பியின் தாயகம் ஹைத்தி. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் சான் தொமாங் எனப்பட்ட அத்தீவுப் பகுதியில், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளே கரும்பு, காப்பித் தோட்டங்களில் உழைத்தனர். 1791இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். 1804இல் நாடு விடுதலை பெற்றது. இறந்தபின் உயிர் ஆப்பிரிக்க மண்ணுக்குத் திரும்பும் என்பது அவ்வடிமைகளின் நம்பிக்கை. அத்திரும்புதலும் மறுக்கப்பட்டு, மந்திரவாதி ஒருவனால் புதைகுழியிலிருந்து எழுப்பப்பட்டு, மீண்டும் வயலில் உழைக்க வைக்கப்படும் உடலே ஜோம்பி. பிணத்திடம் கடிபடுவதன்று, தானே அப்பிணமாகி உழைக்க நேர்வதே ஹைத்திய உழவனின் அச்சம். இன்றைய படங்களைக் கண்டு பழகியோர் இவ்வேறுபாட்டை எளிதில் தவறவிடுவர்.

இவ்வுருவத்தை ஆங்கில வாசகருக்குப் பரவலாக அறிமுகப்படுத்தியது வில்லியம் சீப்ரூக் 1929இல் வெளியிட்ட பயண நூல். அமெரிக்கப் படைகள் ஹைத்தியை ஆண்ட காலம் (1915–1934) அது. சீப்ரூக் மிகைப்படுத்தி எழுதுபவர். அவர் கூறுவதை அப்படியே வரலாறாகக் கொள்ள இயலாது. எனினும், தாம் கேட்டதாக அவர் பதிவுசெய்த கதை ஒன்று மலேசியத் தமிழரை நிமிர்ந்து உட்கார வைக்கும். 1918இல் அமெரிக்கச் சர்க்கரை நிறுவனம் ஒன்றுக்குக் கரும்பு வெட்ட ஆள் தேவைப்படுகிறது. ஒருவன் தன் மனைவியுடன் கந்தலுடுத்த, பேசாத ஆள்கள் சிலரை அழைத்து வந்து பெயர்ப் பதிவு செய்கிறான். அவர்கள் வெயிலில் உழைக்கின்றனர். வாரக் கூலியை அவனே வாங்கிக்கொள்கிறான். அவர்களுக்கு உப்பில்லாத உணவே தரப்படுகிறது. ஒருநாள் அவன் மனைவி இரக்கப்பட்டு இனிப்புப் பண்டம் வாங்கித் தருகிறாள்; அதில் உப்பு கலந்திருக்கிறது. உப்புச் சுவை நாவில் பட்டதும் தாங்கள் இறந்தவர்கள் என்பதை உணர்ந்து, அவர்கள் வரிசையாகத் தம் ஊர் நோக்கி நடந்து, தத்தம் புதைகுழிகளைத் தேடிச் சென்று விழுகின்றனர்.

ஆள் திரட்டி வருபவன், பெயர்ப் பதிவு, ஆளின் உழைப்பில் இடையாள் பெறும் காசு ஆகியவை நமக்குப் புதியன அல்ல. மலாயாத் தோட்டங்களில் கங்காணிக்கு, அவனுடைய ஆள்கள் வேலைக்கு வந்த கணக்குப்படி வழங்கப்பட்ட தலைக்காசு இதன் உறவுமுறைதான். கதை நிகழ்ந்ததாகக் கூறப்படும் 1918ஆம் ஆண்டும் கருதத்தக்கது. பழைய சட்டமொன்றை உயிர்ப்பித்து, ஹைத்திய உழவரைக் கட்டாயச் சாலைப் பணிக்கு அமெரிக்க நிர்வாகம் ஈடுபடுத்தி வந்த காலம் அது. பேய்க்கதை தன் காலத்தை விட்டு எங்கும் போய்விடவில்லை.

1932இல் வெளிவந்த 'ஒயிட் ஜோம்பி' என்னும் திரைப்படத்திலும் இந்நினைவு மங்கவில்லை. அதில் ஜோம்பிகள் சர்க்கரை ஆலை ஒன்றை இயக்குகின்றன. ஒருவன் அரவைப் பொறிக்குள் தவறி விழ, மற்றவர்கள் திரும்பியும் பாராமல் உருளையைச் சுற்றிக்கொண்டே இருக்கின்றனர். அடிமை முறையைச் 'சமூக மரணம்' எனச் சமூகவியலாளர் ஒர்லாண்டோ பேட்டர்சன் 1982இல் வரையறுத்தார். அக்கோட்பாட்டை விளக்க இக்காட்சி ஒன்றே போதுமானது.

தமிழர் இக்கதை வழங்கிய நிலப்பரப்புக்கு அயலார் அல்லர் என்பதும் ஈண்டுச் சுட்டத்தக்கது. 1850களிலிருந்து புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகத் தமிழர் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே மாரியம்மன் 'மலியெமென்' ஆனாள். மதுரை வீரன் 'மல்தெவிலென்' ஆனார். அதே மார்த்தினிக்கில் 'ஜோம்பி' என்னும் சொல் பொதுவாகப் பேயைக் குறித்து வழங்கியதை லாஃப்காடியோ ஹெர்ன் 1890இல் வெளியிட்ட நூலில் பதிவுசெய்துள்ளார். தமிழன் கரும்பு வெட்டிய காட்டில் அச்சொல் காற்றில் இருந்தது.

தமிழில் நடந்த பிணங்கள்

இனித் தமிழ் மரபைக் காண்போம். தொல்காப்பியப் புறத்திணையியலில் தும்பைத் திணைக்கு உரிய சிறப்பாக ஒரு நிலை கூறப்படுகிறது. அம்பும் வேலும் உடலெங்கும் நெருக்கமாகத் தைத்தமையால், உயிர் நீங்கிய பின்னும் உடல் நிலத்தில் வீழாது நிற்கும் நிலை அது. உரை மரபில் இது அட்டையாடல் எனப்படும். துண்டான பின்னும் துடிக்கும் அட்டையை உவமை கொண்ட பெயர். தோட்டத்தில் வளர்ந்தவர்க்கு இவ்வுவமையை விளக்க வேண்டுவதில்லை. ஆனால் தமிழ் இலக்கணம் நின்ற பிணத்தை அஞ்சத்தக்கதாகக் காட்டவில்லை. வீரத்தின் உச்சமாகக் காட்டியது. அது அவன் உடல். அவன் பெயரிலேயே நிற்கிறது.

மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை இதற்கு நேர்மாறான அச்சத்தைப் பேசுகிறது. சார்ங்கலன் என்னும் பார்ப்பனச் சிறுவன் தனியே சுடுகாட்டுக் கோட்டத்துள் புகுந்து, பேயின் ஆட்டத்தைக் கண்டு நடுங்கி ஓடிவந்து உயிர் விடுகிறான். அவன் தாய் கோதமை, மகனின் உயிரை மீட்டுத் தருமாறு சம்பாபதித் தெய்வத்திடம் மன்றாடுகிறாள். தெய்வங்கள் எல்லாம் ஒன்றுகூடியும் போன உயிரை மீட்டல் இயலாது என்பதே அவளுக்குக் கிடைக்கும் விடை. இறந்தவர் திரும்பார் என்பதில் சாத்தனார் உறுதியாக இருக்கிறார். பேய்கள் உண்டு, ஆனால் பிணம் பிணமே.

கலிங்கத்துப்பரணியின் பேய்கள் வேறு வகையின. பசியால் வற்றிய அவை காளியிடம் சென்று தம் குறையைச் சொல்கின்றன. 'பேய் முறைப்பாடு' என ஒரு பகுதியே உண்டு. முறைப்பாடு என்னும் சொல் இன்றும் இலங்கைத் தமிழில் காவல் நிலையத்திலும் அலுவலகத்திலும் வழங்குவது. செயங்கொண்டாரின் பேய்க்குப் பசி இருக்கிறது. அதனுடன் வாயும், அரசியும், முறையிடும் உரிமையும் இருக்கின்றன. போர்க்களத்தில் கூழ் அட்டுப் பகிர்ந்துண்ணும்போது நகைச்சுவைக்கும் குறைவில்லை.

வேதாளக் கதை நம் மாணவர்க்கும் நெருக்கமானது. 11ஆம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்தில் இடம்பெற்ற இக்கதைக் கோவை, 1947இல் தொடங்கிய அம்புலிமாமா இதழின் வாயிலாகத் தமிழ்ச் சிறுவர் பல தலைமுறையினரை அடைந்தது. அரசன் தோளில் பிணம்; பிணத்துள் வேதாளம். ஜோம்பிக்கு மிக அண்மையில் வரும் தமிழ் வழக்கு இதுவே எனலாம். ஆயினும் உறவு தலைகீழானது. இங்குச் சுமப்பவன் அரசன், சுமக்கப்படுவது பிணம். ஓயாமல் பேசுவதும் பிணந்தான். ஒவ்வொரு கதையின் முடிவிலும் நீதி கேட்கிறது. விடை தெரிந்தும் வாய் திறவாவிடில் அரசன் தலை சிதறும்.

இவை யாவற்றிலும் ஒன்று தெளிவாகிறது. தமிழ்ப் பேய்க்குப் பெயரும் பேச்சும் வேண்டுதலும் உண்டு. கேட்டதைக் கொடுத்தால் அது போய்விடும். பெயரற்ற, பேச்சற்ற, வேண்டுதலற்ற நடக்கும் பிணம் தமிழ்ப் பேயுலகில் இடம்பெறவில்லை. ஆனால் 'நடைப்பிணம்' என்னும் சொல் தமிழில் இருக்கிறது. அச்சொல் குறிப்பது இறந்தவரை அன்று, உயிரோடு இருப்பவரை. ஒப்புரவு அறிந்து வாழாதவனை இறந்தார் கணக்கில் சேர்த்த வள்ளுவரும் உயிரோடு இருப்பவனையே சுட்டினார். ஹைத்தி பேயாகக் கண்டதைத் தமிழ் உருவகமாகக் கண்டது.

இவ்விரு நோக்கும் ஒரே எழுத்தாளரிடம் அருகருகே இருந்து ஒன்றாகாமல் போனமைக்குப் புதுமைப்பித்தன் சான்று. மேரி ஷெல்லியின் பிராங்கன்ஸ்டைன் கதையைப் 'பிரேத மனிதன்' எனத் தமிழாக்கியவர் அவர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழரின் சீரழிவைத் 'துன்பக்கேணி'யில் எழுதியவரும் அவரே. ஒன்று பிணத்தை மனிதனாக்கிய கதை. மற்றொன்று மனிதரைப் பிணமாக்கிய கதை.

தோட்டத்துப் பேய்

மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்தது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. ஹைத்தியைப் போன்றே இங்கும் தோட்டம். இங்கும் கடல் கடந்து கொண்டுவரப்பட்டோர். இங்கும் காய்ச்சலில் மடிந்தோர் பலர். இருந்தும் இங்கு ஜோம்பி பிறக்கவில்லை. அடிமை முறைக்கும் கூலி முறைக்கும் இடையிலான வேறுபாட்டை மறைத்துவிடக் கூடாது என்பது ஒரு காரணம். தமிழ்க் கூலி சட்டத்தின் முன் யாருடைய உடைமையும் அல்லன். மற்றொரு காரணம், அவன் தன் தெய்வங்களையும் பேய்களையும் உடன் கொண்டுவந்தான் என்பது. முனியாண்டி தோட்டத்து எல்லையில் நின்றார். காட்டேரியும் மோகினியும் லயத்துக்கும் ஆற்றுக்கும் இடையே தம் பழைய தொழிலைத் தொடர்ந்தன. கோழியும் கள்ளும் சுருட்டும் பெற்றுக்கொண்டு அவை மனிதருடன் உடன்பாடு செய்துகொண்டன.

பால்வெட்டுத் தொழிலின் இயல்பும் பேய்க்கதைக்கு உகந்தது. வெயில் ஏறுவதற்கு முன் பால் நன்கு வடியும் என்பதால், விடியுமுன் பிரட்டுக்கு நின்று, நெற்றி விளக்குடன் ஒவ்வொருவரும் தத்தம் நிரையில் தனியே நடக்க வேண்டும். தொலைவில் ஒரு விளக்கு மரத்துக்கு மரம் தாவும், ஆள் தெரியாது. இக்கட்டுரையாளர் தம் இளமையில் கேட்ட கதைகளில் பல அவ்விளக்கைப் பற்றியவை. ஒரு கதையில், இறந்துபோன வெட்டுக்காரர் தம் நிரையில் விளக்குடன் வருவார். ஆனால் மரத்தைத் தொட மாட்டார். தமக்கு வரவேண்டிய ஒரு மாதச் சம்பளத்தைக் கேட்கவே அவர் வந்தார் என்று கதை சொன்ன மூதாட்டி முடிப்பார். ஹைத்தியின் பிணம் வேலைக்கு வருகிறது. நம் தோட்டத்துப் பேய் கூலிக்கு வருகிறது. ஒரே கதையை வைத்துப் பொதுமை கூறலாகாது என்பதை உணர்ந்தே இதனைக் குறிப்பிடுகிறேன்.

உப்பும் இவ்வாறே திரும்பி நிற்கிறது. ஹைத்தியக் கதையில் உப்பு, அடிமையை விழிக்கச் செய்து தளையை அறுப்பது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்னும் நம் பழமொழியிலோ அது தளையைக் கட்டுவது. தின்ற உப்புக்கு உழைக்கிறேன் என்று சொன்ன தலைமுறை ஒன்று நம் தோட்டங்களில் இருந்தது.

சயாமிலிருந்து திரும்பியோர்

நடைப்பிணம் என்னும் உருவகம் மலாயாத் தமிழரிடையே வரலாறாக மாறிய காலம் ஒன்று உண்டு. 1942 ஜனவரி இறுதியில் ஜப்பானியர் ஜோகூர் முழுவதையும் கைப்பற்றினர். இரப்பருக்குச் சந்தை அற்றுப்போனது. தோட்டங்களில் வேலையும் அரிசியும் இல்லாமற் போயின. சயாம்–பர்மா இருப்புப்பாதைப் பணிக்கு ஆள் பிடிக்கப்பட்டது. சில மாதங்களில் திரும்பிவிடலாம் எனச் சொல்லப்பட்டோர் பலர். வற்புறுத்தி ஏற்றப்பட்டோரும் பலர். ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டதாகக் கணக்கிடுவர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். வாந்திபேதி, மலேரியா, புண், பட்டினி ஆகியவற்றால் மடிந்த ஆசியத் தொழிலாளரின் துல்லியமான எண்ணிக்கை எவரிடமும் இல்லை. ஏறத்தாழ 90,000 என்பதே பரவலாகக் கூறப்படும் மதிப்பீடு.

உயிரோடு திரும்பியவரைக் கண்ட தலைமுறை, 'நடைப்பிணமாக வந்தார்' என்றே சொல்லும். இக்கட்டுரையாளர் அச்சொல்லை முதன்முதலில் கேட்டது நூலில் அன்று, வீட்டில்தான். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் இவ்வனுபவத்தைத் தமிழில் பதிந்தன. அவை திகில் நாவல்கள் என யாரும் வகைப்படுத்தார். ஆனால் பெயர் பதிந்து, வண்டியேற்றி, இறக்கும்வரை உழைக்க வைத்து, இறந்தபின் கணக்கில் எண்ணாக மட்டும் எஞ்சிய மனிதரின் கதை, 1918ஆம் ஆண்டின் ஹைத்தியக் கதையிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது? காஞ்சனபுரியில் போர்க் கைதிகளுக்கான கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் ஒழுங்காகப் பேணப்படுகின்றன. தமிழ்த் தொழிலாளருக்கு அவ்வாறான கல்லறைத் தோட்டம் அமையவில்லை. அண்மைக் காலத்தில்தான் மலேசியத் தமிழர் சிலரின் முயற்சியால் அந்நகரின் விகாரை வளாகம் ஒன்றில் அவர்கள் நினைவாக நடுகல் எழுந்தது.

முதலாளி மறைந்த கதை

ஜார்ஜ் ரொமேரோ 1968இல் இயக்கிய 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' ஜோம்பியை மாற்றியமைத்தது. அப்படத்தில் ஜோம்பி என்னும் சொல்லே இல்லை என்பது வேடிக்கை. பிணங்களை எழுப்பிய மந்திரவாதி அதில் மறைந்துபோனான். ஏவுவோர் இன்றிப் பிணங்கள் தாமே நடந்தன. உழைப்பு போய்ப் பசி வந்தது. அவர் 1978இல் எடுத்த அடுத்த ஜோம்பிப் படத்தில் அவை பேரங்காடி ஒன்றில் பழக்கத்தின் காரணமாகச் சுற்றித் திரிகின்றன. பின்வந்த படங்கள் தொற்றுநோயைக் காரணமாக்கின. மலாய்த் திரையுலகில் மாமாட் காலிட்டின் 'சொம்பி கம்போங் பீசாங்' (2007) இதனை நகைச்சுவையாக்கியது. தமிழில் 'மிருதன்' (2016) வேதிக் கழிவையும் நாய்க்கடியையும் காரணமாகக் காட்டியது.

2020இன் பெருந்தொற்றுக்குப் பிறகு, ஜோம்பிக் கதையின் ஈர்ப்பு நோயச்சமே என விளக்குவது எளிதாகிவிட்டது. அவ்விளக்கம் பிழையன்று, ஆனால் பாதி. நோயச்சம் மட்டுமே காரணமெனில், கடித்தவுடன் இறந்துபோகும் கதையே போதும். இறந்தபின் கூட்டமாக நடந்துகொண்டே இருக்க வேண்டியதில்லை. தன் விருப்பமின்றி இயங்கும் உடல் என்னும் தோட்டத்து அச்சமே இன்னும் அடியில் ஓடுகிறது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. தென்னாப்பிரிக்காவில் 1990களில் வேலையின்மை பெருகியபோது, ஜோம்பிகள் இரவில் உழைத்துத் தம் வேலைகளைப் பறிப்பதாக இளைஞரிடையே பேச்சு எழுந்ததை மானிடவியலாளர்களான ஜீன், ஜான் கோமரொஃப் இணையர் ஆராய்ந்துள்ளனர். அங்கே ஜோம்பியும் அயல்நாட்டுத் தொழிலாளியும் ஒரே வெறுப்புக்கு ஆளாயினர். நம் நாட்டிலேயே சிலாங்கூரின் கோலலங்காட் மாவட்டத்துத் தொழிற்சாலைகளில் நுண்ணோக்கி வழியே பேயைக் கண்டு அலறிய மலாய்ப் பெண் தொழிலாளரைப் பற்றி ஐவா ஓங் 1987இல் நூலொன்று வெளியிட்டார். பேய் இரப்பர் நிரையிலிருந்து ஆலைக்குள் குடிபெயர்ந்திருந்தது.

மீண்டும் செனாய்

இந்நோக்கில் அம்மாணவர் கதைகளை மீண்டும் படித்தபோது, முதல் வாசிப்பில் கவனியாத ஒன்று தென்பட்டது. பல கதைகளில் பிணங்கள் எழுவது கல்லறையிலிருந்து அன்று, ஆலை வாயிலிலிருந்து. இரவுப் பணி முடிந்து பேருந்திலிருந்து இறங்குவோர் பேசாமல், கண் மூடியும் மூடாமலும் நடந்து வருகின்றனர். ஒரு மாணவியின் கதையில் முதலில் நடந்து வருபவர் அவளுடைய தாயார். கடிப்பதும் ஓடுவதும் அதற்குப் பின்னரே படத்திலிருந்து ஒட்டிக்கொண்டவை.

ஆசிரியருக்கு இக்கட்டுரையாளர் தெரிவித்தது சுருக்கமானது. கிழிக்க வேண்டாம், ஆனால் நடந்து வரும் ஒவ்வொரு பிணத்துக்கும் பெயரும், பிறந்த தோட்டமும், அது கேட்க வந்த ஒன்றும் எழுதி வரச் சொல்லுங்கள் என்பதே. பெயர் பெற்றால் அது பேயாகிவிடும். பேயோடு பேசத் தமிழுக்கு வழி தெரியும். அவர் அவ்வாறே செய்தார். மாணவர்க்குத் தோட்டப் பெயர்கள் தெரியவில்லை. வீட்டில் கேட்டு வந்தனர். அவர்கள் எழுதி வந்த பெயர்களுள் சிலவற்றை இன்று வீடமைப்புப் பகுதிகளின் பெயர்ப்பலகைகளில் மட்டுமே காணலாம். ஒருவனுடைய தாளில் தோட்டத்தின் பெயருக்கு நேரே, பாட்டனாரின் தந்தை அங்கிருந்து சயாமுக்குப் போனவர் என்றும், அவர் பெயரைப் பாட்டியிடம் கேட்க வேண்டும் என்றும் எழுதப்பட்டிருந்தது.